லினக்ஸ் கம்பியில்லா இணைப்புச் சிக்கல் தீர்த்தல்

லினக்ஸ் கம்பியில்லா இணைப்புச் சிக்கல் தீர்த்தல் என்பது, லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்கும் கணினி அல்லது திசைவி ஒன்று வைஃபை வழியாகப் பிணையத்துடன் இணைய இயலாதபோதும், இணைந்த பின் இணைப்பு அடிக்கடி அறுபடும்போதும், அதன் காரணத்தைப் படிப்படியாகக் கண்டறிந்து சரிசெய்யும் முறை ஆகும். திரையில் தோன்றும் அறிகுறி பெரும்பாலும் ஒன்றுதான்: "இணைப்பு இல்லை". ஆனால் அதன் காரணம் மின்சாரத்தில் இருக்கலாம். வன்பொருளில், இயக்கி மென்பொருளில், வானலையில், கடவுச்சொல்லில் அல்லது முகவரியில் இருக்கலாம். எனவே அறிகுறி தோன்றும் இடத்தில் அல்லாமல், அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி ஒவ்வோர் அடுக்காகச் சோதிப்பதே இம்முறையின் அடிப்படை.

இம்முறைக்குத் தமிழ்நாட்டில் நன்கு ஆவணப்படுத்தப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு, தேனி மாவட்டத்தில் அரவிந்த் கண் மருத்துவமனைக்காக 2000களின் நடுப்பகுதியில் அமைக்கப்பட்ட நெடுந்தொலைவு வைஃபை பிணையம் ஆகும். அதன் திசைவிகள் அனைத்தும் லினக்ஸில் இயங்கிய சிறு கணினிகளே. ஒரு மடிக்கணினியில் ஏற்படும் சிக்கலும் அப்பிணையத்தின் கோபுரங்களில் ஏற்பட்ட சிக்கலும் ஒரே அடுக்குகளில் அமைவதால், இக்கட்டுரையில் இரண்டும் சேர்த்தே விளக்கப்படுகின்றன.

தேனி பிணையம்

அரவிந்த் கண் மருத்துவமனை 1976 ஆம் ஆண்டு மருத்துவர் கோ. வெங்கடசாமியால் மதுரையில் தொடங்கப்பட்டது. அதன் தேனிக் கிளை 1985 இல் ஏற்பட்டது. சிற்றூர்களில் வாழ்வோர் கண் பரிசோதனைக்காக நகரத்துக்கு வரும் பயணச் செலவையும் இழக்கும் நாட்கூலியையும் தவிர்க்கும் பொருட்டு, 'பார்வை மையம்' எனப்படும் சிறு மருத்துவ நிலையங்களை அம்மருத்துவமனை அமைத்தது. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியின் கண்ணைச் சோதிப்பார். பின்னர் தேனியிலுள்ள மருத்துவர் காணொளி வழியாக நோயாளியுடன் பேசி ஆலோசனை வழங்குவார். இவ்வுரையாடலுக்கு இரு திசைகளிலும் நொடிக்கு 256 கிலோபிட் வேகம் போதுமானது. ஆனால் அந்த வேகம் தடையின்றிக் கிடைத்தாக வேண்டும்.

இதற்கான பிணையத்தை அமெரிக்காவின் பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எரிக் புரூவர் வழிநடத்திய 'டையர்' என்னும் ஆய்வுக்குழு மருத்துவமனையுடன் இணைந்து அமைத்தது. அம்பாசமுத்திரம், போடிநாயக்கனூர், சின்னமனூர், பெரியகுளம், ஆண்டிப்பட்டி ஆகிய ஐந்து ஊர்களின் மையங்கள் தேனியுடன் இணைக்கப்பட்டன. (இங்குக் குறிப்பிடப்படும் அம்பாசமுத்திரம் தேனி மாவட்டத்திலுள்ள ஊராகும், திருநெல்வேலிச் சீமையின் அம்பாசமுத்திரம் அன்று.) இவற்றுள் சின்னமனூர் மேகமலைக்குச் செல்லும் மலைச்சாலையின் நுழைவாயிலாக உள்ள ஊர் ஆகும்.

2008 இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின்படி இப்பிணையத்தின் அமைப்பு வருமாறு:

- திசைவிகள்: 11 (முனைகள் 6, இடைநிலைகள் 5)
- நேரடி இணைப்புகள்: 9
- இணைப்புகளின் நீளம்: 1 கி.மீ. முதல் 15 கி.மீ. வரை, மிக நீண்டது ஆண்டிப்பட்டியை எட்டும் இணைப்பு
- கோபுரங்களின் உயரம்: 24 மீ. முதல் 42 மீ. வரை
- ஒவ்வோர் இணைப்பின் வேகம்: நொடிக்கு 5 முதல் 7 மெகாபிட் வரை

கோபுரம் இல்லாத இடங்களில் கட்டடக் கூரைகள் பயன்பட்டன. ஓரிடத்தில் நெசவாலை வளாகத்திலுள்ள மின் நிலையத்தின் புகைபோக்கியே கோபுரமாயிற்று. ஒவ்வொரு திசைவியும் 266 மெகாஹெர்ட்சு வேகமுடைய ஒற்றைப் பலகைக் கணினி ஆகும். சுருக்கப்பட்ட லினக்ஸ் இயங்குதளம் ஒரு சிறு நினைவட்டையில் பதியப்பட்டிருந்தது. திசைவி சராசரியாக 7 வாட் மின்சாரத்தையே பயன்படுத்தியது.

2008 ஆம் ஆண்டளவில் அரவிந்த் மருத்துவமனையின் கம்பியில்லாப் பிணையம் வழியாக மாதத்திற்கு ஏறத்தாழ 3,000 காணொளி ஆலோசனைகள் நடைபெற்றன. அதுவரை 30,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் பயன்பெற்றிருந்தனர். எனவே ஓர் இணைப்பு அறுந்தால், அன்று அந்த மையத்துக்கு வந்தவர்கள் மருத்துவரைக் காணாமலே திரும்ப நேரிடும்; அல்லது பேருந்தேறித் தேனிக்குச் செல்ல நேரிடும். சிக்கல் தீர்த்தல் இங்கு வசதிக்கான செயல் மட்டுமன்று.

ஐந்து அடுக்குகள்

இணைப்பு ஒன்று செயல்படப் பின்வரும் ஐந்தும் இவ்வரிசையிலேயே சரியாக இருத்தல் வேண்டும்.

1. மின்சாரம்: கருவிக்குத் தூய்மையான, போதிய மின்சாரம் கிடைக்க வேண்டும்.
2. வன்பொருளும் இயக்கியும்: கம்பியில்லா அட்டையை இயங்குதளம் அடையாளம் காண வேண்டும்.
3. வானலை: அட்டைக்கு எதிர்முனையின் சமிக்ஞை போதிய வலிமையுடன் கேட்க வேண்டும்.
4. இணைப்பு: இரு முனைகளும் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்டு, அனுப்பிய தரவுக்கு ஒப்புகை பெற வேண்டும்.
5. முகவரி: கணினிக்கு முகவரியும், வெளியே செல்லும் வழியும், பெயர்களை எண்களாக மாற்றும் சேவையும் கிடைக்க வேண்டும்.

கீழுள்ள அடுக்கு பழுதுபட்டிருக்கையில் மேலுள்ள அடுக்கைத் திருத்துவதால் பயனில்லை. அட்டைக்கு மின்சாரமே செல்லாத கணினியில் கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் இணைப்பு கிடைக்காது.

மின்சாரம்

தேனி அனுபவத்தின் முதன்மையான பாடம் இவ்வடுக்கைச் சார்ந்தது. சிற்றூர்க் கம்பியில்லாப் பிணையங்களில் பழுதுக்கு முதற்காரணம் வானலையாகவோ மென்பொருளாகவோ இல்லாமல் மின்சாரமாக இருந்ததை டையர் குழுவினர் பதிவு செய்தனர். இந்தியாவில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட் என வரையறுக்கப்பட்டிருப்பினும், சிற்றூர் மின்வழிகளில் 1000 வோல்ட் வரை எழும் கணநேர எழுச்சிகள் அளவிடப்பட்டன. எழுச்சி மின்வழங்கிகளையும் பலகைகளையும் எரித்தது. தாழ்ந்த மின்னழுத்தமோ இதைவிட மறைமுகமான தீங்கை விளைத்தது: கருவி முழுமையாக அணையாமலும் முழுமையாக இயங்காமலும் உறைந்து நின்றது. எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் அறுந்ததால் நினைவட்டையின் தரவும் சிதைந்தது.

இவை அனைத்தும் மையத்திலுள்ள பணியாளருக்கு "இணைப்பு இல்லை" என்ற ஒரே அறிகுறியாகவே தெரிந்தன. மின்கலம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் கருவியை முற்றிலும் துண்டித்து, மின்கலம் மீண்டும் நிரம்பிய பின் சேர்க்கும் சுற்றுகளும், சூரிய மின்தகட்டுடன் இணைந்த குறைந்த செலவு மின் கட்டுப்படுத்திகளும் இதற்குத் தீர்வாகப் பயன்பட்டன. ஊர்ப்புறத்தில் மின்சாரத்தின் உண்மையான செலவு, அதைப் பெறுவதில் இல்லை, தூய்மைப்படுத்துவதில்தான் உள்ளது என்பது அவர்களது முடிவு.

மடிக்கணினியில் இதே அடுக்கு வேறு வடிவில் தோன்றுகிறது.

- கம்பியில்லா அட்டை அணைக்கப்பட்டிருக்கலாம். 'ஆர்எஃப்கில்' என்னும் கட்டளை இதனைக் காட்டும். மென்தடை எனில் அதே கட்டளையால் நீக்கலாம். வன்தடை எனில் விசைப்பலகையிலோ கணினியின் விளிம்பிலோ உள்ள பொத்தானை மாற்றியாக வேண்டும். மென்பொருளால் அதனை நீக்க இயலாது.
- யுஎஸ்பி வழியே செருகப்படும் அட்டைக்கு நீண்ட வடமோ மின்சாரமில்லாத பிரிப்பானோ போதிய மின்சாரம் தராதிருக்கலாம். கணினியில் நேரடியாகச் செருகிப் பார்த்தல் வேண்டும்.
- சில நிமிடங்களுக்கு ஒருமுறை இணைப்பு அறுபட்டால், அட்டையின் மின்சேமிப்பு நிலையை அணைத்துச் சோதிக்கலாம். 'ஐடபிள்யூ' கட்டளையிலும் பிணைய மேலாளரின் அமைப்புகளிலும் இதற்கு வாய்ப்பு உண்டு.

வன்பொருளும் இயக்கியும்

அட்டை கணினிக்குத் தெரிகிறதா என்பதை, உள்ளே பொருத்திய அட்டைக்கு 'எல்எஸ்பிசிஐ' கட்டளையாலும், யுஎஸ்பி அட்டைக்கு 'எல்எஸ்யுஎஸ்பி' கட்டளையாலும் அறியலாம். பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட பெயரைவிட இக்கட்டளைகள் காட்டும் சில்லின் பெயரும் அடையாள எண்ணுமே முக்கியம். ஒரே பெயரில் விற்கப்படும் அட்டைகளில் வெவ்வேறு சில்லுகள் இருப்பதுண்டு.

அட்டை தெரிந்தும் கம்பியில்லா இடைமுகம் தோன்றவில்லை எனில், இயக்கியோ நிலைப்பொருளோ இல்லை எனக் கொள்ளலாம். இயக்கி என்பது இயங்குதளத்தின் உட்கருவாகிய கருனியின் பகுதி. நிலைப்பொருள் என்பது அட்டையின் உள்ளே ஏற்றப்பட வேண்டிய தனி நிரல். கருனியின் செய்திகளைக் காட்டும் 'டிமெஸ்ஜி' கட்டளையின் வெளியீட்டில், எந்தக் கோப்பை ஏற்ற முயன்று தோல்வியுற்றது என்பது பெரும்பாலும் பெயருடன் எழுதப்பட்டிருக்கும்.

2000களில் லினக்ஸ் பயனர்களுக்கு இதுவே பெருந்தடையாக இருந்தது. பல நிறுவனங்கள் லினக்ஸுக்கு இயக்கி வழங்காமையால், விண்டோசு இயக்கியை லினக்ஸில் ஏற்றும் 'என்டிஸ்ராப்பர்' என்னும் மென்பொருள் பயன்பட்டது. தேனித் திசைவிகளில் இருந்தவை அதெரோஸ் சில்லு கொண்ட அட்டைகள். அவற்றின் நேர அளவுகளை மென்பொருளால் மாற்ற முடிந்தமை ஆய்வாளர்களுக்கு உதவியது. கம்பியில்லா இயக்கிகளுக்குப் பொதுவான அடித்தளம் 2007 இல் 2.6.22 ஆம் கருனியில் சேர்க்கப்பட்டது. 2008 இல் பிராட்காம், அதெரோஸ் சில்லுகளுக்கான கட்டற்ற இயக்கிகள் கருனியில் இடம்பெற்றன. 2010 இல் பிராட்காம் நிறுவனமே திறந்த மூல இயக்கியை வெளியிட்டது.

நிலைப்பொருள் கோப்புகள் பல கட்டற்ற உரிமத்தில் இல்லாமையால், டெபியன் வழங்கல் நெடுங்காலம் அவற்றை நிறுவல் வட்டில் சேர்க்கவில்லை. 2023 இல் வெளியான டெபியன் 12 முதல் அவை அதிகாரப்பூர்வ நிறுவல் வட்டிலேயே உள்ளன. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011 இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் பெற்ற கணினிகள் பலவற்றில் பாஸ் லினக்ஸ் இருந்தது. அத்தகைய பழைய கணினியில் புதிய வழங்கலை நிறுவுவோர், நிலைப்பொருள் பொதியை முன்னரே யுஎஸ்பி நினைவகத்தில் எடுத்து வைத்துக்கொள்வது நன்று. இணைப்பைப் பெறத் தேவையான கோப்பை இணைப்பின்றித் தரவிறக்க இயலாது.

கருனியைப் புதுப்பித்த மறுநாள் இணைப்பு மறைந்தால், தனியாகத் தொகுத்து நிறுவிய இயக்கி புதிய கருனிக்கு மீண்டும் தொகுக்கப்படாமல் இருக்கலாம். கணினி தொடங்கும்போது பழைய கருனியைத் தேர்ந்து பார்த்தால் இது தெளிவாகும். பாதுகாப்பான தொடக்கம் இயக்கப்பட்ட கணினிகளில், கையொப்பமிடப்படாத இயக்கியைக் கருனி ஏற்க மறுப்பதும் உண்டு.

வானலை

அட்டை செயல்பட்டும் பிணையத்தின் பெயர் தெரியவில்லை எனில், அல்லது தெரிந்தும் வேகம் மிகக் குறைந்தால், சமிக்ஞை வலிமையைப் பார்க்க வேண்டும். இது டிபிஎம் என்னும் அலகில், எதிர்ம எண்ணாகக் காட்டப்படும். சுழியத்துக்கு அருகில் செல்லச் செல்ல வலிமை மிகும். பொதுவாக -50 மிக நன்று; -67 வரை காணொளிக்குப் போதுமானது; -80க்குக் கீழே இணைப்பு நிலையாக இராது. 10 அலகு குறைந்தால் வலிமை பத்தில் ஒரு பங்காகிறது என்பதை நினைவில் கொள்ளல் வேண்டும்.

எவ்வளவு வலிமை கிடைக்க வேண்டும் என்பதை முன்னரே கணக்கிட்டு வைத்திருப்பது சிக்கல் தீர்த்தலில் பெருந்துணை புரியும். எடுத்துக்காட்டாக, தேனி பிணையத்தைப் போன்ற 15 கி.மீ. இணைப்பு ஒன்றைக் கொள்வோம். 2.4 கிகாஹெர்ட்சில் அத்தொலைவுக்கான வெட்டவெளி இழப்பு ஏறத்தாழ 124 டெசிபெல். 200 மில்லிவாட் திறன் 23 டிபிஎம் ஆகும். இரு முனைகளிலும் 24 டெசிபெல் பெருக்கமுடைய திசைசார் ஆன்டெனாக்கள் இருந்தால், வட இழப்பு நீங்கலாக மறுமுனையில் சுமார் -53 டிபிஎம் கிடைக்க வேண்டும். நேற்று வரை -55 காட்டிய இணைப்பு இன்று -65 காட்டினால், மென்பொருளைத் தொடுவதற்கு முன் கோபுரத்தின் மீது ஏறிப் பார்ப்பதே முறை.

கம்பம் பள்ளத்தாக்கு, மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளுக்கும் இடையே அமைந்தது. சமவெளியில் ஊர்களுக்கு இடையே நேர்பார்வை கிடைப்பது எளிது. ஆனால் பார்வைக்கோடு மட்டும் போதாது. அக்கோட்டைச் சுற்றிய குழாய் போன்ற வெளியும் தடையின்றி இருக்க வேண்டும். 15 கி.மீ. இணைப்பின் நடுவில் அதன் ஆரம் சுமார் 22 மீட்டர். தென்னந்தோப்புகளுக்கு மேலே செல்ல உயர்ந்த கோபுரங்கள் தேவைப்படுவது இதனாலேயே. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கம்பம் கணவாய் வழியே காற்று வலுவாக வீசும்; இம்மாவட்டத்தில் காற்றாலைகள் அமைந்ததும் அதனாலேயே. 24 டெசிபெல் ஆன்டெனாவின் அலைக்கற்றை சுமார் 8 பாகை அகலமே உடையதாகையால், திருகுகள் தளர்ந்து ஆன்டெனா சற்றே திரும்பினாலும் சமிக்ஞை பெரிதும் குன்றும்.

மேகமூட்டத்தால் இணைப்பு அறுபடுகிறது என்பது மலைப்பகுதிகளில் பரவலான நம்பிக்கை. மேகமும் மூடுபனியும் 2.4 கிகாஹெர்ட்சு அலையைக் குறிப்பிடத்தக்க அளவு தடுப்பதில்லை. தடுப்பவை நனைந்த இலைகளும், நீர் புகுந்த வட இணைப்பான்களுமே. ஆகவே மழைக்குப் பின் இணைப்பு குன்றினால் வானத்தை அல்லாமல் இணைப்பானைச் சோதிக்க வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

- அண்டை வீட்டார் திசைவிகளின் குறுக்கீடு. 2.4 கிகாஹெர்ட்சில் 1, 6, 11 ஆகிய தடங்களே ஒன்றன்மேல் ஒன்று படியாதவை.
- நாட்டு அமைப்பு. திசைவி 12 அல்லது 13 ஆம் தடத்தில் இயங்க, கணினியின் நாட்டு அமைப்பு அமெரிக்கா என இருந்தால் அப்பிணையம் கண்ணுக்கே தெரியாது. இந்தியாவில் 2005 ஆம் ஆண்டு விதிகளின்படி 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்சு வரை உரிமமின்றிப் பயன்படுத்தலாம். அதனுள் இவ்விரு தடங்களும் அடங்கும். 5 கிகாஹெர்ட்சுப் பகுதியில் உரிம விலக்கு 2018 இல் விரிவாக்கப்பட்டது.

தொலைவும் ஒப்புகையும்

சமிக்ஞை வலுவாக இருந்தும் தரவு செல்லாத நிலையும் உண்டு. வைஃபையில் ஒவ்வொரு தரவுச் சட்டத்துக்கும் எதிர்முனை ஒப்புகை அனுப்ப வேண்டும். குறித்த நேரத்துக்குள் ஒப்புகை வராவிடில், அனுப்பியவர் அது தொலைந்ததாகக் கருதி மீண்டும் அனுப்புவார். இந்நேர அளவு வீடு, அலுவலகம் போன்ற குறுந்தொலைவுக்காக வகுக்கப்பட்டது. 15 கி.மீ. தொலைவைக் கடக்க வானலைக்கு 50 மைக்ரோநொடியும், சென்று மீள 100 மைக்ரோநொடியும் ஆகும். ஒப்புகை வந்து சேரும் முன்பே அனுப்புநர் பொறுமையிழந்து மீண்டும் அனுப்புவதால், இணைப்பு வெற்று மறுமுயற்சிகளிலேயே அடைபடும்.

டையர் குழுவினர் இதற்காக 'வைல்டுநெட்' என்னும் முறையை உருவாக்கி 2007 இல் வெளியிட்டனர். தனித்தனி ஒப்புகைக்குப் பதிலாகத் தொகுப்பு ஒப்புகை, இரு முனைகளும் முறைவைத்து அனுப்பும் நேரப் பகிர்வு, இழப்பைத் தாங்கும் பிழைதிருத்தக் குறியீடு ஆகியவை இதன் கூறுகள். வழக்கமான வைஃபையால் அடையக்கூடிய உச்ச வேகத்தைவிட 2 முதல் 5 மடங்கு வரை வேகம் கூடியது. இன்றைய லினக்ஸில், இயக்கி இடந்தருமாயின், 'ஐடபிள்யூ' கட்டளையால் இணைப்பின் தொலைவை மீட்டரில் அளித்து ஒப்புகைக் காத்திருப்பை நீட்டலாம். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் இடையே சில கிலோமீட்டர் இணைப்பு அமைப்போர் முதலில் கவனிக்க வேண்டிய அமைப்பு இது.

அடையாளச் சரிபார்ப்பு

பிணையத்தின் பெயர் தெரிந்தும் இணைய மறுத்தால், கடவுச்சொல்லைத் தட்டச்சிட்டுக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். சேமித்து வைத்த பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாக இணைவது பல சிக்கல்களைத் தீர்க்கும். பழைய அட்டைகள் 2018 இல் அறிமுகமான மூன்றாம் தலைமுறை வைஃபைப் பாதுகாப்பு முறையை ஏற்பதில்லை. திசைவியை இரண்டாம் தலைமுறையையும் ஏற்கும் கலப்பு நிலையில் வைக்கலாம். கல்லூரி, அலுவலகப் பிணையங்களில் சான்றிதழ் அடிப்படையிலான சரிபார்ப்பு இருப்பதால், கணினியின் நாள் தவறாக இருந்தாலும் இணைப்பு மறுக்கப்படும். தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்த பழைய கணினிகளில் இது நிகழ்வதுண்டு. கடவுச்சொல்லின் சிக்கலாகத் தோன்றினும் இதன் வேர் மின்சார அடுக்கிலேயே உள்ளது.

முகவரியும் வழிப்படுத்தலும்

இணைந்த பின்னும் இணையம் வரவில்லை எனில், பின்வரும் வரிசையில் சோதிக்கலாம்.

1. கணினிக்கு முகவரி கிடைத்ததா? 169.254 எனத் தொடங்கும் முகவரி, திசைவி முகவரி வழங்கவில்லை என்பதன் அடையாளம்.
2. திசைவியின் முகவரிக்குப் 'பிங்' கட்டளை பதில் பெறுகிறதா? இல்லையெனில் சிக்கல் வீட்டுக்குள்ளேயே உள்ளது.
3. வெளியிலுள்ள ஓர் எண் முகவரிக்குப் பதில் வருகிறதா? இல்லையெனில் சிக்கல் வழிப்படுத்தலிலோ இணையச் சேவையிலோ உள்ளது.
4. எண் முகவரிக்குப் பதில் வந்து, பெயருக்கு வரவில்லையெனில், பெயர் மாற்றும் சேவையின் அமைப்பைத் திருத்த வேண்டும்.

தேனி போன்ற பல தாவல்கள் கொண்ட பிணையத்தில் வழிப்படுத்தல் அமைப்பு ஒன்று தவறினால், அதற்கு அப்பாலுள்ள திசைவிகள் அனைத்தும் எட்டாமல் போகும். இதற்காக ஒவ்வோர் இணைப்பின் இரு முனைகளுக்கும் வழிப்படுத்தலைச் சாராத உள்ளிணைப்பு முகவரிகள் அளிக்கப்பட்டன. அவற்றின் துணையால் ஒரு திசைவியில் நுழைந்து, அங்கிருந்து அடுத்ததில் நுழைந்து, தாவல் தாவலாகப் பழுதுபட்ட இடம் வரை செல்ல முடிந்தது.

திரும்பி வரும் வழி

தொலைவிலுள்ள கருவியைத் திருத்தும்போது, செய்யும் மாற்றமே அக்கருவியை எட்டும் வழியை அடைத்துவிடக்கூடும். தேனிப் பிணையத்தைப் பெர்க்லியிலிருந்தும் கண்காணித்த குழுவினர் இதற்குப் பல ஏற்பாடுகளைச் செய்தனர். வெளியிலிருந்து திசைவியை அழைப்பதற்குப் பதிலாக, திசைவியே தன் நிலையை வெளியேயுள்ள வழங்கிக்கு அறிவித்து, எதிர்த்திசையில் ஒரு மறையாக்கப்பட்ட வழியைத் திறந்து வைத்தது. உறைந்து நின்ற திசைவியைத் தானாக மீளத் தொடங்கும் காவல் சுற்று இருந்தது. சிதைவைத் தவிர்க்க, இயங்குதளப் பகுதி வாசிக்க மட்டுமே கூடியதாக வைக்கப்பட்டது.

இதே முன்னெச்சரிக்கை தனிக் கணினிக்கும் பொருந்தும்.

- இயக்கியை மாற்றும் முன், ஈதர்நெட் வடத்தையோ யுஎஸ்பி வழியே கைப்பேசி இணைப்பையோ தயாராக வைத்திருத்தல்.
- பழைய கருனியை அழிக்காதிருத்தல்.
- அமைப்புக் கோப்புகளைத் திருத்துமுன் படியெடுத்தல்.
- ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து, அதன் விளைவைக் குறித்து வைத்தல்.

அறிகுறிகளும் முதற்சோதனையும்

- கம்பியில்லாச் சின்னமே இல்லை: மின்தடை, இயக்கி, நிலைப்பொருள்.
- பிணையப் பெயர் தெரியவில்லை: நாட்டு அமைப்பு, தடம், ஆன்டெனா.
- கடவுச்சொல் மீண்டும் மீண்டும் கேட்கப்படுகிறது: பழைய பதிவு, பாதுகாப்பு முறை, கணினியின் நாள்.
- வலிமை மிகுதி, வேகம் குறைவு: குறுக்கீடு, தொலைவு அமைப்பு.
- அவ்வப்போது அறுபடுகிறது: மின்சேமிப்பு, மின்வழங்கி, தளர்ந்த இணைப்பான்.
- இணைந்துள்ளது, பக்கங்கள் திறக்கவில்லை: முகவரி, வழி, பெயர் மாற்றும் சேவை.

உள்ளூர் அறிவு

சோனேஷ் சுரானா, ரபின் பாத்ரா உள்ளிட்டோர் 2008 இல் வெளியிட்ட கட்டுரை, சிற்றூர்களில் நிறுவப்படும் கணினி அமைப்புகளுள் மிகச் சிலவே வெள்ளோட்டத்தைத் தாண்டி நிலைக்கின்றன எனக் குறிப்பிட்டது. நிலைக்காமைக்கு அது கூறிய காரணங்கள் தரமற்ற மின்சாரம், பழுதைக் கண்டறியும் உள்ளூர் அறிவின்மை, தொலைவிலுள்ள வல்லுநர் அணுக நம்பகமான வழியின்மை ஆகியன. கோபுரத்தடியில் நிற்பவர் விளக்கு எரிகிறதா, மின்கலத்தில் எத்தனை வோல்ட் உள்ளது, ஆன்டெனா எத்திசை நோக்குகிறது என்ற மூன்றைச் சரியாகச் சொல்ல முடிந்தால், பழுது எந்த அடுக்கில் உள்ளது என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும். லினக்ஸ் தன் பதிவேடுகளைப் பயனருக்குத் திறந்தே வைத்திருக்கிறது. எனவே இம்முறையைக் கற்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. அடியிலிருந்து தொடங்கும் ஒழுங்கும், பார்த்ததை எழுதி வைக்கும் பழக்கமும் போதுமானவை.

இவற்றையும் பார்க்க

- லினக்ஸ் கருனி
- வைஃபை
- பாஸ் லினக்ஸ்
- அரவிந்த் கண் மருத்துவமனை
- தேனி மாவட்டம்
- மேகமலை